ஏழாம் நம்பர் என்று பொறித்திருந்தால் போதுமா? – கோல்ஃப் அயர்ன் செட் தேர்வு, ஆட்டக்காரர்களின் அனுபவப் பகிர்வு

கேள்வி
கோல்ஃபில் ஹாண்டிகேப் (ஆட்டத்திறன் எண், குறைந்தால் திறமை அதிகம்) 20-ஐ ஒட்டி ஆடுபவர் புது அயர்ன் செட் (உலோகத் தலையில் 5, 6, 7 என்று எண் பொறித்த குச்சிகள்) வாங்குகிறார். கடை சிமுலேட்டரில் ஒரு செட்டின் 7 அயர்ன் பழையதைவிட 15 கஜம் கூடப் போகிறது. அதை நம்பி வாங்கலாமா? கதை வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

ஏழாம்நம்பர்
முதலில் இரண்டு செட்டுக்கும் லாஃப்ட் (முகத்தின் சாய்வுக் கோணம்) என்ன என்று கேளுங்கள். பழைய பாணி பிளேடில் (மெல்லிய தலை அயர்னில்) 7 அயர்ன் 34 டிகிரி இருக்கும். இப்போது வரும் கேம் இம்ப்ரூவ்மென்ட் (தவறான அடியையும் ஓரளவு தாங்கும்) செட்களில் அதே எண் 28, 29 டிகிரியில் வருகிறது. அதாவது பழைய 6 அயர்னைவிடவும் நிமிர்ந்த முகத்தில் 7 என்று பொறித்திருக்கிறார்கள். அந்த 15 கஜத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

இது முழுக்க ஏமாற்று வேலையும் இல்லை. அகலமான அடிப்பாகம், கீழும் பின்னும் தள்ளி வைத்த எடை, மெல்லிய முகம் எல்லாம் சேர்ந்து பந்தை உயர எழுப்புவதால், லாஃப்டைக் குறைத்தாலும் பந்து ஓரளவு மேலே போகும். ஆனால் ஸ்பின் (பந்தின் பின்சுழற்சி) குறையும். 7 அயர்னுக்கு நிமிடத்துக்கு 7000 சுற்று என்பது பொதுவான அளவுகோல். 4500-க்குக் கீழே போனால் கிரீனில் (குழி உள்ள குட்டைப் புல்தரையில்) விழும் பந்து நிற்காமல் பின்பக்க பங்கருக்கு (மணல் பள்ளத்துக்கு) ஓடிவிடும்.

அதனால் திரையில் தூரத்தைவிட இறங்கும் கோணத்தைப் பாருங்கள். 45 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. 38, 39 என்று காட்டினால் எத்தனை கஜம் போனாலும் வேண்டாம். அந்தக் கருவி ஸ்பின்னை அளக்கிறதா, ஊகிக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் விற்பவர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

டிவட்டு
மேலே சொன்னதோடு செட்டின் மறுகோடியையும் பார்க்க வேண்டும். 7 அயர்ன் 29 டிகிரி என்றால் பிட்சிங் வெட்ஜ் (லாஃப்ட் அதிகமான குட்டைக் குச்சி) 43-ல் நிற்கும். பையில் இருக்கும் சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 13 டிகிரி காலி. 100 கஜத்தை ஒட்டிய அடிக்குக் கையில் குச்சியே இருக்காது. 48, 52 என்று இரண்டு வெட்ஜ் சேர்த்து வாங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்துதான் செட்டின் விலை. பையில் 14 குச்சிதான் என்ற வரம்பு வேறு இருக்கிறது.

அந்த வெட்ஜ்களுக்கான இடத்தை நீண்ட குச்சிகள் பக்கம் விட்டுக்கொடுங்கள். இந்த வகை செட்டில் 5 அயர்ன் 22 டிகிரியை ஒட்டி வரும். 7 அயர்னில் 130 கஜம் அடிப்பவருக்கு அந்த 5 அயர்ன் எழும்பவே எழும்பாது, 6-க்கும் அதற்கும் தூரத்தில் ஐந்து கஜ வித்தியாசம்கூட வராது. 6 முதல் வெட்ஜ் வரை வாங்கிவிட்டு, மேலே ஒரு ஹைபிரிட் (நீண்ட அயர்னுக்குப் பதிலான, பந்தை எளிதில் எழுப்பும் குச்சி) போதும்.

வைஸ்பட்டறை
லை கோணத்தைப் (குச்சித் தண்டு தரையோடு செய்யும் கோணத்தைப்) பற்றி யாரும் பேசவில்லையே. 7 அயர்னுக்குப் பொதுவாக 62 டிகிரியை ஒட்டி வரும். அடிக்கும் நொடியில் தலையின் நுனிப்பக்கம் தூக்கி நின்றால் முகம் இடப்பக்கம் பார்க்கும், வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடது போகும். நுனி தாழ்ந்தால் வலது. லாஃப்ட் கூடக் கூட இந்த விலகலும் கூடும். வெட்ஜ் மட்டும் எப்போதும் இடது போகிறது என்றால் ஸ்விங்கைத் திருத்தும் முன் லையை அளந்து பாருங்கள்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போட்டு, அது நேர்செங்குத்தாக முகத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அடித்தால் கோடு முகத்தில் பதியும். பள்ளக் கோடுகளுக்குச் செங்குத்தாக இருந்தால் சரி. மேல்முனை நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால் லை அதிகம், குதிகால்பக்கம் (கழுத்தை ஒட்டிய பக்கம்) சாய்ந்திருந்தால் குறைவு. ஐந்தாறு அடி அடித்துப் பாருங்கள், ஒன்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

லையைத் திருத்தக் கழுத்தை வளைப்பது உலோகத்தைப் பொறுத்தது. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கார்பன் ஸ்டீல் என்றால் 2 டிகிரி சாதாரணமாக வளையும். 17-4 ஸ்டெயின்லெஸ் வார்ப்பு முரண்டு பிடிக்கும், 1 டிகிரிக்கு மேல் இழுத்தால் கழுத்து உடையலாம். லாஃப்டையும் வளைக்கலாம், ஆனால் 1 டிகிரி குறைத்தால் பவுன்ஸும் (அடிப்பாகம் தரையோடு செய்யும் கோணமும்) 1 டிகிரி குறையும், மழையில் ஊறிய தரையில் தலை தோண்டிக்கொண்டு நிற்கும்.

நீளத்தை அரை அங்குலம் கூட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலைப்பக்கம் உணரும் எடையின் அளவு) மூன்று புள்ளி ஏறும், டி1 இருந்தது டி4 ஆகும். ஆள் உயரத்தை மட்டும் வைத்து நீளத்தைக் கூட்டாதீர்கள். உயரமானவருக்குக் கையும் நீளமாக இருந்தால் சாதாரண நீளமே போதும். ஷூவோடு நிமிர்ந்து நின்று மணிக்கட்டு ரேகையிலிருந்து தரைவரை அளக்க வேண்டும்.

ஏழாம்நம்பர்
ஷாஃப்ட்டில் (தண்டில்) விறைப்பைக் காட்டும் ஆர், எஸ் என்ற எழுத்துக்குப் பொது அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கும். எடையைக் கேளுங்கள். டைனமிக் கோல்ட் எஸ்300 என்ற ஸ்டீல் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 130 கிராம். 95, 105 கிராமில் ஸ்டீல் கிடைக்கிறது. முழங்கை வலி உள்ளவர்கள் 70, 80 கிராம் கிராஃபைட்டை அடித்துப் பார்க்கலாம். சோதிக்கும்போது முதல் பத்து அடியை விட்டுவிடுங்கள், களைத்த பிறகு வரும் அடிகள்தான் பதினைந்தாவது ஹோலின் அடிகள்.

டிவட்டு
ஒன்று விட்டுப்போனது. பயிற்சிப் பாயில் (மேட்) அடித்து மட்டும் வாங்காதீர்கள். பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் விழுந்த அடியும் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைச் சுத்தமாக அனுப்பும். குறுகிய அடிப்பாகமும் அகலமான அடிப்பாகமும் அங்கே ஒரே மாதிரிதான் தெரியும். புல்லில் டிவட் (அடியில் பெயரும் புல்கட்டி) எடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

ஊட்டி வென்லாக் டவுன்ஸில் ஆடுபவர்கள் தூரப்பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 2200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் காற்று லேசு, சென்னையில் 140 போகும் அயர்ன் அங்கே பத்துக் கஜமாவது கூடப் போகும். அங்கே எடுத்த தூரக்கணக்கை வைத்து சென்னை நந்தனத்தில் குச்சி எடுத்தால் எல்லா பந்தும் கிரீனுக்கு முன்னாலேயே விழும்.

செகண்ட்ஹாண்ட்
பழைய செட் பார்ப்பவர்களுக்கு: 8, 9, வெட்ஜ் முகத்தில் நகத்தை ஓட்டுங்கள், பள்ளத்தில் சிக்க வேண்டும். எல்லா ஷாஃப்ட்டிலும் ஒரே பட்டை ஒட்டியிருக்கிறதா, கழுத்து வளையத்தில் இடைவெளி இருக்கிறதா, ஸ்டீலில் துருக்குழி உண்டா பாருங்கள். ஃபோர்ஜ்டு செட் பயிற்சிப் பாயில் நிறைய அடிபட்டிருந்தால் லாஃப்ட் ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்திருக்கும். காசு கொடுக்கும் முன் எல்லாக் குச்சியையும் அளவுக்கருவியில் வைக்கச் சொல்லுங்கள். கிரிப் வழவழப்பாகியிருந்தால் அதற்காக விலையைக் குறைக்கலாம், செட்டை ஒதுக்க வேண்டாம். நம் வியர்வைக்கு நூல் கலந்த கிரிப் போட்டுக்கொள்ளுங்கள்.