ஜூலியன் பாண்ட்: வென்று வந்தவரை அவையே தடுத்தது எப்படி?

கேள்வி:
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜூலியன் பாண்டை, 1966இல் சக உறுப்பினர்களே பதவியேற்க விடவில்லை என்று படித்தேன். மக்கள் வாக்களித்து அனுப்பியவரை அவை திருப்பி அனுப்ப இயலுமா? அந்தச் சம்பவத்தைத் தவிர அவரது அரசியலில் பேசத்தக்கது ஏதேனும் உண்டா?

பதில் 1:
இயலாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்குள் ஏறத்தாழ ஓராண்டு கடந்துவிட்டது. பாண்ட் பணியாற்றிய, கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடிய மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு, வியட்நாம் போரைக் கண்டித்து 1966 ஜனவரி 6 அன்று அறிக்கை வெளியிட்டது. தமக்கும் அதில் உடன்பாடுதான் என்று அவர் செய்தியாளரிடம் மறைக்காமல் சொன்னார். நான்கு நாள் கழித்து மற்ற உறுப்பினர்கள் பதவிப் பிரமாணம் எடுத்தபோது அவருக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. அன்றே 184க்கு 12 என்ற வாக்குகளில் அவை அவரை விலக்கியது. போரை எதிர்த்துத் தங்கள் கட்டாயப் படைச்சேர்ப்பு அட்டையைக் கொளுத்துவோரின் துணிவை மதிப்பதாகச் சொன்ன அவர், தம்முடைய அட்டையைக் கொளுத்தவில்லை என்பதையும் தெளிவுபடுத்தியிருந்தார். காலியான அதே இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலிலும் அவரே வென்றார். கருத்தைத் திரும்பப் பெற மறுத்ததால் அவைக்குழு மீண்டும் கதவடைத்தது. அரசமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி கேட்கலாம், ஆனால் அதை ஒருவர் மனதார எடுக்கிறாரா என்று பெரும்பான்மையினர் சோதித்துப் பார்க்க முடியாது என்று டிசம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சாதாரணக் குடிமகனுக்கு உள்ள பேச்சுரிமை உறுப்பினருக்குக் குறைந்துவிடாது என்பதே அதன் சாரம்.

பதில் 2:
அவரே ஜார்ஜியாவின் முதல் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் என்று சிலர் எழுதுவதால் ஒரு திருத்தம்: லிராய் ஜான்சன் 1962லேயே மாநில மேலவைக்குத் தேர்வாகியிருந்தார். 1968 சனநாயகக் கட்சி மாநாட்டில் பாண்டின் பெயர் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்டதும், 35 வயது வேண்டிய இடத்தில் தமக்கு 28தான் என்று அவர் விலகிக்கொண்டதும் சுவையான செய்திதான்; ஆயினும் அதற்குத் தேவைக்கு மேல் இடம் கொடுக்கிறோம் என்பது என் கருத்து.

கேட்டவர்:
மிக்க நன்றி. வழக்கில் வென்ற பிறகு அவைக்குள் என்ன செய்தார்?

பதில் 2:
கீழவையில் 1967 முதல் 1975 வரையும், பின்னர் மேலவையில் 1987 வரையும் இருந்தார். அவரது உழைப்பில் நான் முதன்மையாகக் கருதுவது தொகுதி மறுவரையறைப் போராட்டத்தைத்தான். அட்லாண்டாவை உள்ளடக்கிய ஐந்தாவது நாடாளுமன்றத் தொகுதியில் கறுப்பின வாக்காளர்களைச் சிதறடிக்கக் கூடாது என்று அவர் மேலவையில் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சட்டமன்றம் வரைந்த எல்லைகளை 1982இல் கூட்டாட்சி நீதிமன்றம் நிராகரித்த பிறகே தொகுதி மாறியது. அதே தொகுதியில் 1986இல் பாண்ட் நின்றார். முதல் சுற்றில் முன்னிலை பெற்றும் பாதி வாக்குகளை எட்டாததால் இரண்டாம் சுற்று வந்தது. அதில் மாணவர் இயக்கக் காலம் தொட்டு நண்பராயிருந்த ஜான் லூயிஸ் வென்றார். கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர் பாண்டுக்கு வாக்களித்தும், வெள்ளையர் வாக்குகள் லூயிஸைக் கரையேற்றின.