டேராடூன் ராணுவக் கல்லூரி நுழைவுத் தேர்வு: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். அக்கா மகள் தர்மபுரி பக்கம் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். டேராடூனில் உள்ள ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் சேர ஆசைப்படுகிறாள். 2022 முதல் பெண் பிள்ளைகளையும் அங்கே சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே உற்சாகம்.

வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. சேரும்போது வயது பதினொன்றரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும். நம் மாநில விண்ணப்பங்கள் டி.என்.பி.எஸ்.சி.க்குப் போகின்றன. இதெல்லாம் தெரியும்.

இருப்பிடச் சான்று, வசிப்பிடச் சான்று இரண்டில் எதை வைப்பது என்று குழப்பமாக இருக்கிறது. விண்ணப்பித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரிய கவலை மொழிதான். கணக்குக்கு 200 மதிப்பெண், ஆங்கிலத்துக்கு 125, பொது அறிவுக்கு 75. கணக்கு நன்றாகப் போடுவாள். ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வரும். இவள் தமிழ் வழி. ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு இது பெரிய தடை, அதில் அவள் தவறு எதுவும் இல்லை. தமிழ் வழியில் படித்து எழுதிய பிள்ளைகள் எப்படித் தயாரானார்கள்? பழைய வினாத்தாள் யாரிடமாவது இருந்தால் நகல் செலவும் தபால் செலவும் நாங்கள் தருகிறோம். அப்புறம், நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதையும் சொன்னால் நல்லது.