புதுப்பிப்பு: புல்லாங்குழல் பிந்திய கதை

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், வீட்டு அறையில், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்கிறேன், மென்பொருள் தபலாவுக்கு மேல் தம்பி வாசிக்கும் குழல் எப்போதும் தாளத்துக்குப் பிந்தியே விழுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். தீர்ந்தது. அவன்மேல் பழி போட்டதற்கு மன்னிப்பும் கேட்டாயிற்று.

பலர் சொன்னபடி பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின், அதாவது சாம்பிள்களின், எண்ணிக்கை) 1024-லிருந்து 128-க்கு இறக்கினேன். நொடிக்கு 48,000 சாம்பிள் (48,000 ஹெர்ட்ஸ்) என்ற கணக்கில் அந்தத் தாமதம் 21 மில்லி செகண்டிலிருந்து 3-க்கும் கீழே. கீபோர்டில் விரல் பட்டதும் ஒலி வந்தது; குழல் மட்டும் அப்படியே பிந்தியது. அப்புறம்தான் இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வெளியீட்டைக் கேபிளால் அதன் உள்ளீட்டிலேயே செருகி, ஒரு 'டிக்' ஒலியை அனுப்பித் திரும்பப் பதிந்து பார்த்தேன். இரண்டு டிக்குக்கும் நடுவே 1,920 சாம்பிள், அதாவது 40 மில்லி செகண்ட்! டிரைவர் (இன்டர்ஃபேஸை இயக்கும் மென்பொருள்) சொன்ன தாமதத்தை ரீப்பர் கழித்த பிறகும் இவ்வளவு மிச்சம். ரீப்பரின் பதிவு செட்டிங்கில் அந்த எண்ணைக் கையால் கொடுத்ததும் டிக் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன.

சுருதி இன்னொரு தலைவலி. கடற்காற்று மைக்கில் இரையும் என்று ஜன்னலை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிடுவோம். புழுக்கத்தில் குழலின் சுருதி ஏறும், மென்பொருள் தம்புராவின் சுருதி அசையாது. இப்போது பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகு தம்புராவைக் குழலுக்கு ஏற்றபடி சில சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) உயர்த்துகிறேன்.

விசைப்படகு இன்ஜின் சத்தத்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.