டிராகனை எந்த வகுப்பில் சேர்ப்பது?

வால்முனை (கேள்வி):
நான்கு கால், இரண்டு சிறகு, உடம்பெல்லாம் செதில், முட்டையும் இடும். கதைகளில் வரும் இந்த டிராகனை ஊர்வன வகுப்பில் போட்டுவிடலாம்தானே? கொமோடோ டிராகன், பியர்டட் டிராகன் எல்லாம் அப்போது இதற்குச் சொந்தக்கார விலங்குகளா?

எலும்புக்கூடு:
செதிலையும் முட்டையையும் ஓரமாக வையுங்கள். மீனுக்கும் செதில் உண்டு, பாலூட்டியான பிளாட்டிபஸும் முட்டையிடுகிறது. முதலில் கைகால்களை எண்ணுங்கள்.

தவளை, பல்லி, பறவை, மனிதன் எல்லோருக்கும் உடலமைப்பில் இரண்டே ஜோடி. பாம்பு அவற்றை இழந்துவிட்டது, அவ்வளவுதான். சிறகு வேண்டுமென்றால் முன்னங்காலைத்தான் கொடுத்தாக வேண்டும். வௌவாலுக்கு நீண்ட விரல்களுக்கிடையே தோல் விரிகிறது. டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசாரில் நான்காம் விரல் ஒன்றே நீண்டு சிறகைத் தாங்கியது. பறவையில் விரல்கள் குறுகி ஒட்டிப்போய், வேலையை இறகுகள் செய்கின்றன. மூன்றும் தனித்தனியே தோன்றியவை, மூன்றிலும் கணக்கு நான்குதான்.

உங்கள் டிராகனுக்கு ஆறு. அதை ஊர்வனவற்றில் போட முடியாது. பாலூட்டி, பறவை எதிலும் போட முடியாது. கைகால்கள் மீனின் துடுப்பிலிருந்து வந்தவை என்பதால், மூன்று ஜோடித் துடுப்புள்ள ஏதோ ஒரு மீனிலிருந்து தனிக் கிளையாகப் பிரிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும். கூடுதல் தோள் எலும்பு, அதை இயக்கும் மார்புத் தசை எல்லாவற்றுக்கும் உடம்பில் இடமும் ஒதுக்க வேண்டும். இரண்டு கால், இரண்டு சிறகுள்ள வைவர்னுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சிறகில்லாத நான்குகால் சீன டிராகனுக்கும் இல்லை.

ஓணான்கண்:
மேலே சொன்ன விதியை மீறாமலே நான்கு காலும் சிறகும் வைத்திருக்கும் பல்லி ஒன்று உண்டு: டிராகோ பேரினம், அதாவது பறக்கும் ஓணான். அதன் சிறகு காலிலிருந்து வந்ததில்லை. நீண்ட விலா எலும்புகள் தோலைத் தாங்கி விரிகின்றன. விரிக்கலாம், மடக்கலாம், அடித்துப் பறக்க முடியாது. மரத்துக்கு மரம் சறுக்கும்.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட வகைப்பாட்டில் 'விசித்திரங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. டிராகன் அங்கே இருக்கிறது: பாம்புடல், இரண்டு கால், வௌவால் போல இரண்டு சிறகு. அது சிறகுள்ள பல்லியாக இருக்கலாம், அல்லது திருக்கை மீனை வெட்டித் திருத்திக் காயவைத்த போலி என்று அவரே எழுதிவைத்தார். 1758இல் நிஜப் பல்லிக்கு டிராகோ வோலன்ஸ் என்று பெயரிட்டார்.

மற்றபடி 'டிராகன்' வெறும் அழைக்கும் பெயர். கொமோடோ டிராகன் என்பது உடும்பு, வாரனஸ் பேரினம். பியர்டட் டிராகன் ஓணான் குடும்பம், டிராகோவுக்கும் அதே குடும்பம். ஆங்கிலம் ஒரே சொல்லில் கட்டிவைத்ததைத் தமிழ் உடும்பு, ஓணான் என்று சரியாகவே பிரித்துவிட்டது.

வால்முனை:
தட்டானுக்கு ஆறு காலும் நான்கு சிறகும் இருக்கிறதே? அதன் பக்கம் சேர்த்தால்?

எலும்புக்கூடு:
எண்ணிக்கை இடிக்காது. ஆனால் பூச்சிக்கு உள்ளெலும்பு கிடையாது, வெளி ஓடுதான். வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்ற வேண்டும். புது ஓடு இறுகும்வரை பெரிய உடம்பைத் தாங்க ஆதாரம் இருக்காது. மூச்சும் நுண்குழாய்கள் வழியாக நேரே திசுக்களுக்குப் போவதால் உடம்பு பெருக்கப் பெருக்க ஆக்சிஜன் போய்ச்சேராது. தட்டானின் பழங்கால உறவான மெகானியூராவுக்கே சிறகு விரிப்பு சுமார் 65 செ.மீ.தான்.

ஓணான்கண்:
பட்டியலில் கடல் டிராகனும் இருந்தால் மீன்களில், கடற்குதிரைக் குடும்பத்தில் எழுதுங்கள். அதில் முட்டைகளைச் சுமப்பது ஆண்.