ஒரே கிளாஸ்ல 64 பேர்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கணக்கு டீச்சர், ஓசூர் பக்கம்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சர்வீஸ்ல முதல் ஒன்பது வருஷம் தளி தாண்டி ஒரு மலையோர ஹைஸ்கூல். பத்தாவதுல 19 பேருக்கு மேல நான் அங்க பார்த்ததே இல்ல. அப்புறம் கலந்தாய்வுல மாறுதல் வாங்கிட்டு ஓசூர் பக்கம் வந்தேன். இங்க ஒரு செக்‌ஷனுக்கு 64. ரெண்டையும் பார்த்தவள்ங்கறதால, ரொம்ப நாளா மனசுல கிடக்கிற ஒண்ணைச் சொல்றேன்.

பத்தாவது கணக்குத் தாள்ல கடைசியா ரெண்டு 8 மார்க் கேள்வி வரும். ஒண்ணு வடிவியல், வரையணும். இன்னொண்ணு கிராஃப். 35 எடுத்தா பாஸ்ங்கற பரீட்சையில இந்த 16 மார்க்தான் மெல்லக் கற்கிற பிள்ளைகளுக்குக் கைப்பிடி. அதனால ஜூலையில இருந்தே வரைய விட்டுக்கிட்டே இருப்போம்.

அதுல ஒரு கணக்கு. 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைஞ்சு, மையத்துல இருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வச்சு, அங்க இருந்து ரெண்டு தொடுகோடு வரைஞ்சு நீளத்தை அளக்கணும். விட்டம் 6னா ஆரம் 3. தொடுகோடு 7.4 செ.மீ. வரணும். போன வருஷம் ஒரு பையன், ஜன்னல் ஓரம் நாலாவது பெஞ்ச். பென்சிலை அவ்வளவு கூரா சீவி வச்சிருப்பான். அழிச்சு வரைஞ்ச தடமே இருக்காது, வில்லெல்லாம் முடி மாதிரி மெல்லிசா விழும். ஆனா காம்பஸை 3க்குத் திறக்காம 6க்குத் திறந்து வரைஞ்சிருக்கான். விட்டத்தையே ஆரமா எடுத்துட்டான். அப்படி வரைஞ்சா தொடுகோடு 5.3தான் வரும். அதையும் ஒழுங்கா அளந்து 5.3ன்னே எழுதி வச்சிருக்கான். ஜூலையில ஆரம்பிச்சு ஜனவரி வரைக்கும் இதே கதை.

நான் டிக் போட்டிருக்கேன். சிவப்பு மையில, ஏழு இடத்துல.

காலாண்டுலயும் அரையாண்டுலயும் தொடுகோட்டை விட்டுட்டு, சாய்ஸ்ல இருந்த வடிவொத்த முக்கோணத்தை வரைஞ்சு தப்பிச்சிருக்கான். முதல் திருப்புதல் தேர்வுத் தாளைத் திருத்தறப்பதான் மாட்டினான். சரியாச் சொன்னா நான்தான் மாட்டினேன். அன்னைக்கு ராத்திரி அவன் நோட்டை முதல் பக்கத்துல இருந்து புரட்டிப் பார்த்தேன். 45 நிமிஷப் பீரியட், 64 பிள்ளைங்க, ஆளுக்கு 42 செகண்ட். அதுலயே போர்டுல எழுதணும், வருகைப் பதிவை ஃபோன்ல ஏத்தணும், பின்னாடி சண்டையை விலக்கணும். அந்த ஏழு தடவையும் நோட்டு இருக்கான்னுதான் பார்த்திருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு பார்க்கல.

மலை ஸ்கூல்ல இது நடந்திருக்காது. அங்க பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல நடந்தாலே யார் காம்பஸ் எவ்வளவு திறந்திருக்குன்னு தெரியும். யாருக்குக் காம்பஸே இல்லைன்னும் தெரியும்.

உங்க கிளாஸ்ல எத்தனை பேர்? என்ன நடந்துச்சு?

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அரூர்

டீச்சருக்கு வணக்கம். ஏழு டிக்கையும் எண்ணிச் சொன்னீர்களே, அது பெரிய விஷயம். நான் எத்தனை போட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துகிறேன். ஆசிரியர் மாணவர் விகிதம் என்று ஒன்று உண்டு, வகுப்பில் இருக்கும் தலை எண்ணிக்கை என்று ஒன்று உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்தச் சட்டம் 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 9, 10ஆம் வகுப்புக்கு நாங்கள் 40க்கு ஒருவர் என்று வைத்துத்தான் பணியிடம் கணக்கிட்டோம். அதற்கும் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரம்தான் கணக்கு. அன்றைக்குப் பதிவேட்டில் எத்தனை பேரோ, அதை வைத்துத்தான் யார் தேவை, யார் உபரி, யாருக்குப் பணி நிரவல், அதாவது உபரி என்று வேறு பள்ளிக்கு மாற்றம், என்று முடிவாகும். செப்டம்பரில் இருபது பிள்ளைகள் வந்து சேர்ந்தால் அடுத்த ஆகஸ்ட் வரை அவர்கள் காகிதத்தில் இல்லை.

காகிதத்தில் என் பள்ளி விகிதம் எப்போதும் அழகாகத்தான் இருந்தது. 9ஆம் வகுப்பில் 78 பேர், இரண்டு பிரிவு, இரண்டு பிரிவுக்கும் ஆசிரியர் உண்டு. இல்லாதது அறை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைப் பார்த்துப் பார்த்து இடித்தார்கள். இடித்தது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் ஓட்டுக் கட்டடம் போன பிறகு 78 பேரும் ஒரே அறைக்குள். பெஞ்சுக்கு ஆறு பேர். எழுதும்போது முழங்கை இடிக்கும் என்று ஒருவன் விட்டு ஒருவன்தான் எழுதுவான், மற்றவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பாதி வகுப்பு எழுதுகிறது, பாதி வகுப்பு வேடிக்கை பார்க்கிறது. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

கடைசியில் பி பிரிவைப் புங்க மரத்தடிக்குக் கொண்டுபோனேன். மழை வந்தால் வகுப்பு கலைந்துவிடும், தலையில் எச்சம் விழும். ஆனாலும் ஏ பிரிவுப் பிள்ளைகள் வந்து, "சார், எங்களயும் மரத்துக்கு மாத்துங்க சார்" என்று நின்றார்கள்.

அதே சமயத்தில்தான் சேர்க்கையும் கூடியது. கொரோனாவுக்குப் பிறகு தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் வந்தார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், இரண்டுக்கும் 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று அப்போது இருந்தது. விவரம் தெரிந்த பெற்றோர் ஆறாவதிலேயே கொண்டுவந்து விட்டார்கள். சந்தோஷம்தான், ஆனால் பிள்ளைகள் வரும் வேகத்துக்கு அறை முளைப்பதில்லை.

மலைக்காட்டுப் பையன், அஞ்செட்டி

டீச்சர் தப்பா நினைச்சுக்காதீங்க. 19 பேர் கிளாஸ் பத்தி நீங்க சொல்றது நீங்க அங்க இருந்ததால. நான் பத்தாவது படிச்சப்போ எங்க கிளாஸ்ல மொத்தமே 11 பேரு. கணக்குக்கு ஆள் கிடையாது. சயின்ஸ் சார்தான் கணக்கும் எடுத்தாரு, கொஞ்ச நாள் இங்கிலீஷும். அவர் தேன்கனிக்கோட்டையில இருந்து பஸ்ல வரணும், அந்த பஸ்ஸை விட்டா முதல் பீரியட் அவ்வளவுதான். பி.டி.ஏ., அதான் பெற்றோர் ஆசிரியர் கழகம், மூலமா ஒரு அக்காவைப் போட்டாங்க, அவங்களும் கல்யாணமாகிப் போயிட்டாங்க.

11 பேர்ல ரெண்டு பேருக்கு வீட்ல கன்னடம், ஒருத்தனுக்குத் தெலுங்கு. சின்ன கிளாஸ்ங்கறதால சார் அவனுங்ககிட்ட கன்னடத்துலயே கேள்வி கேட்பாரு. அது நல்லா இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. அதே பசங்க பிளஸ் ஒண்ணுக்கு டவுன் ஸ்கூலுக்குப் போனாங்க. 70 பேர்ல போய் உட்கார்ந்து ஒரு வருஷம் வாயே திறக்கலையாம். ஒருத்தன் பாதியில நின்னுட்டான், இப்ப ஓசூர் சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை.

ஆனா எண்ணிக்கையைக் குறைச்சா மட்டும் போதும்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்பு வரும். 11 பேர் இருந்தோம், வாத்தியார்தான் இல்லை.

பாப்பாவோட அம்மா, காவேரிப்பட்டணம்

நாங்க பாப்பாவை ஒன்பதாவதுல தனியார் ஸ்கூல் ஹாஸ்டல்ல போட்டோம். எந்த ஸ்கூல்னு வேணாம். அட்மிஷன் அப்போ, "கிளாஸுக்கு எத்தனை பேர் சார்?"னு நான்தான் கேட்டேன். "52 மேடம். ஆனா ஈவினிங் ஸ்டடில பத்துப் பத்துப் பேரா பிரிச்சு ஆளுக்கு ஒரு டீச்சர் போட்டுருவோம்"னாங்க. அதுபடியே செஞ்சாங்க, பொய் இல்ல. காலையில அஞ்சரைக்கு எழுப்பி ஸ்டடி, ராத்திரி பத்து வரைக்கும் ஸ்டடி, தினம் ஸ்லிப் டெஸ்ட். மார்க் வாங்கற வரிசையில ஏ, பி, சின்னு செக்‌ஷன் மாத்துவாங்க. பெரிய கிளாஸ் வச்சும் அவங்களுக்கு எப்படி ரிசல்ட் வருதுன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். நாளை நீட்டிடறாங்க.

பாப்பா 450க்கு மேல வாங்கினா. லீவுக்கு வந்தப்ப எங்க வீட்டுக்காரர் ஏதோ விளையாட்டா, "மாங்காய்க்கு ஏன் பால் வடியுது?"ன்னு கேட்டாரு. எங்க தோப்பு மாங்காதான். அவ, "சிலபஸ்ல இல்லப்பா"ன்னு சொல்லிட்டு டி.வி. பார்க்கப் போயிட்டா. சின்ன வயசுல ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்டவ. அது கிளாஸ் பெரிசா இருந்ததாலயா, ஹாஸ்டலாலயா, வயசா, எனக்குச் சொல்லத் தெரியல.

எம்.எட். மாணவி, தருமபுரி

இந்தத் தலைப்புல செமினார் எடுத்தேன், அதனால ரெண்டு வார்த்தை.

இதைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் முதல்ல சொல்றது அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல 1985ல ஆரம்பிச்ச ஸ்டார் ஆய்வு. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில 13 முதல் 17 பேர் இருக்கற கிளாஸ், 22 முதல் 25 பேர் இருக்கற கிளாஸ்னு பிரிச்சுப் போட்டாங்க. சின்ன கிளாஸ் பிள்ளைங்க வாசிப்புலயும் கணக்குலயும் முன்னாடி இருந்தாங்க. ஆனா அது கிண்டர்கார்டன்ல இருந்து மூணாவது வரைக்கும். அங்க பெரிய கிளாஸா இருந்த 25 நமக்குக் கனவு. அதை அப்படியே தூக்கிட்டு வந்து நம்ம பத்தாவதுக்கு ஒட்ட முடியாது.

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. இஸ்ரேல்ல ஒரு கிளாஸுக்கு 40 பேருக்கு மேல கூடாதுன்னு ஒரு விதி இருந்துச்சு. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் எழுதி வச்சதுல இருந்து வந்ததாம். 40 பேர் இருந்தா ஒரே கிளாஸ். 41ஆவது பிள்ளை வந்துட்டா 20ம் 21மா ரெண்டு கிளாஸ். பிள்ளைங்க அதே மாதிரிப் பிள்ளைங்கதான், கிளாஸ் மட்டும் பாதியாகுது. இதை வச்சு ஆங்ரிஸ்ட், லேவின்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1999ல ஆய்வு பண்ணி, சின்ன கிளாஸ்ல, முக்கியமா அஞ்சாவதுல, மார்க் கூடுதுன்னு சொன்னாங்க. அப்புறம் 2019ல அதே ஆளுங்க இன்னும் சிலரோட சேர்ந்து புதுத் தரவை வச்சுப் பார்த்தப்ப அந்தப் பலன் தெரியல. அதையும் அவங்களே வெளியிட்டாங்க. டீச்சரோட ஏழு டிக் ஞாபகம் வந்துச்சு எனக்கு.

அஞ்செட்டி அண்ணன் சொன்னதுக்கும் உதாரணம் இருக்கு. கலிஃபோர்னியாவுல 1996ல சின்ன வகுப்புகளை எல்லாம் 20 பேரா குறைக்க ஆரம்பிச்சாங்க. ஒரே நேரத்துல அத்தனை கிளாஸுக்கு டீச்சர் வேணுமே, முழுத் தகுதி இல்லாதவங்களை எல்லாம் எடுக்க வேண்டி வந்துச்சு. அது அதிகமா நடந்தது ஏழைப் பிள்ளைங்க படிக்கற ஸ்கூல்கள்ல.

பென்னாகரம் பட்டதாரி டீச்சர்

எங்க பதிவேட்டுல 58. கிளாஸ்ல ஒரு நாள் 41, ஒரு நாள் 37. அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறப்ப பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிடறாங்க, தம்பி தங்கச்சியைப் பார்த்துக்க ஆள் வேணும்ல. பொங்கலுக்கு ஊருக்கு வந்தா நாலு நாள் ஸ்கூலுக்கு வரும், பெல்ட்டெல்லாம் புதுசா இருக்கும். அந்தப் பிள்ளையையும் சேர்த்து 58ன்னு எண்ணணுமா, 40ன்னு எண்ணணுமா? எண்ணிக்கை குறைஞ்ச நாள்ல பாடம் நல்லா நடக்குதுன்னு சொல்லவே கூச்சமா இருக்கு.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அரூர்

58 என்றே எழுதுங்கள் அம்மா. பெயரை நீக்கினால் பணியிடமும் போகும், திரும்பி வரும் பிள்ளைக்கு இடமும் போகும்.

அது போகட்டும். ஓசூர் டீச்சர், அந்தப் பையன் என்ன ஆனான் என்று சொல்லவில்லையே?

கணக்கு டீச்சர், ஓசூர் பக்கம்

பாஸ் ஆயிட்டான் சார். கணக்குல 41. ஜனவரியில அவனைக் கூப்பிட்டு உட்கார வச்சு, "விட்டம்னா என்னடா?"ன்னு கேட்டேன். கையை விரிச்சுச் சரியாத்தான் காட்டினான், இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். "அப்ப காம்பஸை எவ்வளவு திறக்கணும்?"ன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தான், முகமே மாறிடுச்சு. "நீங்க டிக் போட்டீங்களே மிஸ்"ன்னான். குத்தம் சொல்ற குரல் இல்ல, நிஜமாவே சந்தேகம். ரெண்டே நிமிஷ வேலை. அந்த ரெண்டு நிமிஷம் ஏழு மாசமா கிடைக்கல.

அஞ்செட்டித் தம்பி, நீங்க சொன்னது சரிதான். மலை ஸ்கூலை விட்டு நான் வந்தப்புறம் அந்தப் பணியிடம் ஒரு வருஷத்துக்கு மேல காலியாத்தான் கிடந்துச்சு. நான் வந்தது என் பொண்ணு படிப்புக்காக. அதைச் சொல்லாம விட்டது தப்பு.

இந்த வருஷமும் 64தான். அதனால நோட்டு மொத்தத்தையும் ஒரே நாள்ல வாங்கறதை விட்டுட்டேன். நாளுக்கு ஒரு வரிசை, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் முழுசா வாசிக்கிறது. ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு தடவைதான் முறை வரும். நடுவுல லீவு விட்டா அந்த வரிசைக்கு அந்த வாரம் போச்சு, அதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கல. மத்த நாள்ல பக்கத்துப் பிள்ளை நோட்டை மாத்தி அளந்து பார்க்கச் சொல்றேன். டிக் மட்டும் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன், அளவை எழுதணும்.

நாளைக்கு வியாழன், ஜன்னல் ஓர வரிசை. பதிமூணு நோட்டு.