வேட்டை இன நாய் வீட்டில் அடங்க: ஓட்டமா, மோப்பமா?

மோப்பக்காரன்:
வேட்டை இன நாய் சோபாவைக் கிழிக்கிறது, ஓயாமல் ஊளையிடுகிறது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "தினம் ஒரு மணி நேரம் நல்லா ஓட விடுங்க, அடங்கிடும்." இது அரைகுறை யோசனை என்பது என் கட்சி. ஓட ஓட நாய்க்குத் தெம்பு ஏறும். இன்று ஒரு மணி நேரத்தில் களைத்த நாய், இரண்டு மாதம் கழித்து இரண்டு மணி நேரம் கேட்கும்.

வேட்டை ஒரே செயல் இல்லை, வரிசையாக வரும் கட்டங்கள். தேடுவது, கண்டதும் உறைந்து நிற்பது, பதுங்கிப் போவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது. ஒவ்வோர் இனத்திலும் இவற்றில் ஓரிரு கட்டங்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தலைமுறை தலைமுறையாக ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். பீகிளுக்குத் தேடல். பாயின்டருக்கு உறைந்து நிற்பது. லாப்ரடாருக்குப் பல் பதியாமல் கவ்விக்கொண்டு வருவது. கிரேஹவுண்டுக்குத் துரத்தல். டாஷ்ஹண்டுக்குப் பொந்தைத் தோண்டி உள்ளே போவது. அந்தக் கட்டத்துக்குத் தினமும் வேலை கொடுத்தால் நாய் அடங்கும்: அட்டைப்பெட்டிகளில் தீனியை ஒளித்துத் தேடவிடுவது, தரையில் வாடைத் தடம் போட்டு மோந்து தொடரவிடுவது. கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும், மெத்தையிலோ தோட்டத்திலோ.

நெடுநடை:
கேட்க நல்லாத்தான் இருக்கு. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் வேட்டைக்காரனுக்கு முன்னால இடமும் வலமுமா மணிக்கணக்கில் பாய்ந்து தேடுறதுக்குன்னு உருவான நாய். அதை நாலு அட்டைப்பெட்டியும் ஒரு பிடித் தீனியும் வெச்சுச் சமாளிச்சிடலாம்னு சொல்றது எஜமானோட சோம்பலுக்குச் சாமரம் வீசுற மாதிரி. மனுஷன் நடக்கிறது மணிக்கு 4, 5 கிலோமீட்டர். நாயோட இயல்பான துள்ளுநடை அதைவிட ஏறக்குறைய இரட்டிப்பு வேகம். பெல்ட்டுல கட்டி உங்க வேகத்துக்கு நடத்தினா அது உடம்பை நீட்டி ஒரு எட்டுகூட வைக்காது. தோள், முதுகு, இடுப்பு எல்லாம் முழு வீச்சில் வேலை செய்யணும்னா கட்டில்லாம ஓடணும். வளர்ந்த பாயின்டர், விஸ்லா, வைமரானர் எதுவானாலும் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வெளியே, அதில் அரை மணி நேரமாவது தன் இஷ்டத்துக்குப் பாய்ச்சல். இதுக்குக் குறைஞ்சா அந்த இனத்தை வாங்காதீங்க.

மோப்பக்காரன்:
அரை மணி நேரப் பாய்ச்சல் என்ற பெயரில் பெரும்பாலோர் செய்வது என்ன? பந்தை ஐம்பது தடவை எறிவது. துரத்து, கவ்வு, மறுபடி துரத்து. வரிசை ஒருபோதும் முடிவதில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு அறைக்கு அறை அலைகிறதே, அது களைப்பில்லை, இறங்காத முறுக்கு. போதாததற்கு, முழு வேகத்தில் பாய்ந்து சடாரென்று திரும்பும்போது முழங்கால் ஜவ்வும் தோளும் அடி வாங்கும்.

மோப்பத்துக்கு ஆதாரமும் உண்டு. 2019இல் துரான்டன், ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வளர்ப்பு நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு வாரம் மோப்பப் பயிற்சி, மற்றதற்குக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. பிறகு, தீனி இருக்குமா இருக்காதா என்று சொல்ல முடியாத இடத்தில் கிண்ணத்தை வைத்தபோது மோப்பக் கூட்டம் முன்னைவிட விரைவாக அதை நோக்கிப் போனது. நடைக் கூட்டத்தில் மாற்றமில்லை.

கறார்:
அந்த ஆய்வில் நாய்கள் 20தான். கிண்ணத்தை நோக்கிப் போகும் வேகத்தை அளந்தார்கள், சோபாவை அல்ல. நம்பிக்கை கூடியது என்று சொல்லலாம், அடங்கியது என்று சொல்ல முடியாது.

தீனியை வைத்து நடத்தும் எந்தப் பயிற்சிக்கும் இன்னொரு விலை இருக்கிறது: எடை. லாப்ரடார்களில் கணிசமானவற்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் பிஓஎம்சி (POMC) மரபணுவில் ஒரு துண்டு இல்லை, அதனால் பசி அடங்குவதில்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பீகிளும் வாயைக் கட்டாத இனம். காலையில் அன்றைய முழுத் தீனியையும் எடைபோட்டு ஒரு டப்பாவில் கொட்டுங்கள். பயிற்சி, பரிசு, குழந்தைகள் கொடுப்பது எல்லாம் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். விலா எலும்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

புதுவரவு:
வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒன்றரை வயது பீகிள், குழந்தைகள் உள்ள வீடு என்றால் நாய் மோந்து தொடர்வதற்கான தடம் போடுவது எப்படி? யாராவது படிப்படியாகச் சொல்லுங்களேன்.

மோப்பக்காரன்:
புல்தரை, காற்று குறைந்த நேரம். நாயைச் சற்றுத் தள்ளிக் கட்டுங்கள். தொடங்கும் இடத்தில் ஒரு முழம் அகலச் சதுரத்தைக் காலால் நன்றாக மிதியுங்கள். நசுங்கிய புல், கிளறிய மண், உங்கள் வாடை மூன்றும் சேர்ந்ததுதான் தடம். சதுரத்துக்குள் ஏழெட்டுத் துண்டு தீனி. அங்கிருந்து பாதத்தை ஒட்டிப் பாதம் வைத்து நேர்கோட்டில் 20 எட்டு போங்கள். ஒவ்வொரு காலடியிலும் சுண்டுவிரல் நகமளவு ஒரு துண்டு. முடிவில் திறந்த கிண்ணத்தில் ஒரு சின்னப் பிடி. திரும்பும்போது தடத்தை மிதிக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றி வாருங்கள். ஐந்து நிமிடம் விட்டு நாயைச் சதுரத்துக்குக் கூட்டிப்போங்கள்.

இனி நீங்கள் பேசக் கூடாது. விரல் நீட்டியும் காட்டக் கூடாது. மூக்கு கீழே இருந்தால் பின்னால் நடங்கள், தலை தூக்கினால் நில்லுங்கள். ஒரு வாரம் நேர்கோடு. பிறகு மூன்று எட்டுக்கு ஒரு துண்டு, அப்புறம் ஐந்துக்கு ஒன்று. அதன்பின் ஒரு திருப்பம். திரும்பியதும் முதல் மூன்று காலடியிலும் தீனி இருக்க வேண்டும். தடத்தை ஆறவிடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி வரை கொண்டுபோகலாம்.

தடத்தில் இருக்கும் நாயிடம் சர்சர்ரென்று சின்னச் சின்ன மூச்சுச் சத்தம் கேட்கும், வால் ஒரே சீராக ஆடும். திருப்பத்தில் இரண்டு மீட்டர் தாண்டிப் போய்விடும். தலை எழும், வால் வீச்சு அகலமாகும், வட்டமடிக்கும். அப்போது கயிற்றை இழுத்து உதவினால் பாடம் கெட்டது. மரம்போல் நில்லுங்கள். வாடை மீண்டும் பட்டதும் தூண்டிலில் மாட்டியதுபோல் தலை சடக்கென்று மடங்கிக் கீழே போகும், கயிறு விறைக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனையும்.

துண்டுக்குத் துண்டு தாவுகிறதா? துண்டு பெரிது, இல்லை வாசனை அதிகம். தரதரவென்று இழுக்கிறதா? மறுபடி காலடிக்கு ஒன்று என்று இறங்குங்கள். தடத்துக்கு ஒரு மீட்டர் விலகி இணையாகப் போனால் திட்டாதீர்கள். குறுக்குக் காற்று வாடையை அங்கே தள்ளியிருக்கும்.

நெடுநடை:
கயிறு பத்தி ஒண்ணும் சொல்லலையே. அதிலதான் ஆளும் நாயும் அடிபடுறது. 10 மீட்டர் நீளக் கயிறு, கழுத்துப்பட்டியில் மாட்டவே கூடாது, மார்பைச் சுத்திப் போடுற, முதுகுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ்லதான். கையில் சுத்திக்காதீங்க, விரல் எலும்பு போயிடும். கையுறை போட்டுக்குங்க. தானா சுருளுற லீஷ் வேண்டாம். மெல்லிசா இருக்கிற கயிறு தோலை அறுக்கும், எந்நேரமும் லேசா இழுபட்டுக்கிட்டே இருக்கிறதால இழுத்தா வழி கிடைக்கும்னு நாய் கத்துக்கும்.

கட்டை அவிழ்க்கிறதுக்கு முன்னால விசில். இரண்டு வாரம் ஒவ்வொரு வேளைத் தீனிக்கும் மூணு குட்டி ஊதல், உடனே கிண்ணம். வேற எதுக்கும் அந்த விசிலை ஊதாதீங்க. அப்புறம் வீட்டுக்குள்ள, அப்புறம் நீளக் கயிற்றோட வெளியே. பத்துக்கு ஒன்பது தடவை திரும்பி வர்ற வரைக்கும் கயிறு கழறக் கூடாது. வந்ததும் தீனி கொடுத்துட்டு, பாதி தடவையாவது மறுபடி போய் மோந்துக்கோன்னு விட்டுடுங்க. விசில்னா விளையாட்டு முடிஞ்சதுன்னு அது நினைச்சிட்டா அடுத்த தடவை வராது. மூக்கைத் தரையில் புதைச்சு முயல் தடத்துல போற பீகிளுக்கு விசில் ஊதி வீணாக்காதீங்க, காதே கேட்காது. ஓடிப்போய்க் கயிற்றை மிதிங்க.

காற்றுக்கால்:
இரண்டு பேருமே கிரேஹவுண்ட், விப்பெட்டை மறந்துட்டீங்க. கண்ணால் வேட்டையாடுற நாய்க்கு ஒன்றரை மணி நேர ஓட்டமும் வேண்டாம், தடமும் பெரிசா வேண்டாம். வாரம் இரண்டு தடவை, சுத்தி 1.8 மீட்டர் வேலி போட்ட இடத்தில் இரண்டு மூணு பாய்ச்சல், மத்த நாள் நிதானமான நடை. மீதி நேரமெல்லாம் தூங்கும், வேட்டை நாயான்னு சந்தேகமே வரும்! பாய்ச்சலுக்கு முன்னால பத்து நிமிஷம் நடக்க வைங்க, குளிர்ந்த தசை கிழியும். 10 மீட்டர் கயிறு இதுங்களுக்கு ஆபத்து. சில எட்டிலேயே முழு வேகம் பிடிச்சு, கயிறு முடியிற இடத்தில் சுண்டி இழுக்கப்படும். தலை கழுத்தைவிடக் குறுகல், சாதாரணப் பட்டி உருவிக்கும். இழுத்தா இறுகி விட்டா தளர்ற மார்ட்டிங்கேல் பட்டி வேணும். வீட்டுல பூனையோட ஒட்டிப் படுக்கிற நாயே வெளியே ஓடுற பூனையைக் கண்டா இரைன்னுதான் நினைக்கும். அது துரோகம் இல்ல, கண்ணு அப்படி.

கறார்:
குழந்தைகள் விஷயம். கவ்வும் இனம் காலுறையைத் தூக்கிக்கொண்டு ஓடும். குழந்தைகள் துரத்தினால் அதற்கு அது விளையாட்டு, வாயிலிருந்து பிடுங்கினால் சண்டை. தீனித் துண்டோடு மாற்றிக்கொள்வதைப் பெரியவர்கள் செய்ய வேண்டும், குழந்தைகள் அல்ல. நாய் தின்னும்போதும் தூங்கும்போதும் அந்த மூலை குழந்தைகளுக்குத் தடை. முயல், வெள்ளெலி வளர்க்கிற வீட்டில் வேட்டை இன நாய் என்றால் இடையில் பூட்டிய கதவு வேண்டும், பயிற்சியை நம்பக் கூடாது. ஆழமான மார்புள்ள வைமரானர், பாயின்டர், பாசெட் ஆகியவற்றுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். முழு வேளைத் தீனி தின்ற ஒரு மணி நேரத்துக்கு ஓட்டம் வேண்டாம். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

நெடுநடை:
மோப்பக்காரருக்கு ஒரு கேள்வி. நாளெல்லாம் வீட்டில் கிடந்த பாயின்டரை நேரா உங்க சதுரத்துல கொண்டுபோய் நிறுத்தினா அது தடத்தையா பார்க்கும், வானத்தையா? முதல்ல பத்து நிமிஷம் அவிழ்த்து விடணும்.

மோப்பக்காரன்:
விட்டால் மூச்சிரைக்கும். இரைக்கும்போது காற்று வாய்வழியாகப் போகும், மூக்கால் சரியாக மோப்பம் பிடிக்க வராது. அதனால்தான் தடம் முதலில், ஓட்டம் பிறகு என்கிறேன்.

நெடுநடை:
அதுக்கு வழி இருக்கே. பத்து நிமிஷம் விடுங்க, தண்ணி வைங்க, நிழல்ல நில்லுங்க. வாய் மூடுற வரைக்கும் காத்திருங்க. வாயை மூடி மூக்கால மூச்சு விட ஆரம்பிச்சதும் சதுரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.

மோப்பக்காரன்:
பாயின்டருக்கு ஒத்துக்கொள்கிறேன். பீகிளுக்கு இல்லை. அதை முதலில் அவிழ்த்து விட்டால் தன் தடத்தைத் தானே கண்டுபிடித்துவிடும், உங்கள் சதுரம் அதற்கு எதற்கு?