கம்பி ஷூ போட்டா ராத்திரி முழுக்க அழறான், என்ன செய்ய?

மன்னார்குடி பக்கம் கிராமம். பையனுக்கு மூணு மாசம். பிறவியிலேயே வளைபாதம், ரெண்டு பாதமும் உள்பக்கம் திரும்பியிருந்துச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு மாத்தி, குதிகால் தசைநாரை லேசா வெட்டிவிட்டு, கடைசிக் கட்டு மூணு வாரம். இப்போ பாதம் திரும்ப வளையாம இருக்க, ரெண்டு ஷூவையும் ஒரு கம்பியில சேர்த்த கம்பி ஷூ, தினம் 23 மணி நேரம். நாலாவது நாள். தூளியில கம்பி சேலையில மாட்டுது. இடது குதிகால்ல கொப்புளம். மாமியார், "கால்தான் நேராயிடுச்சே, எண்ணெய் போட்டு நீவிக்கலாம், கழட்டு"ங்கறாங்க.

பதில் 1
கழட்டிப் போட்டுடாதீங்கம்மா. குறுவை அறுப்பு சமயம் ரெண்டு வாரம் நான் அசட்டையா விட்டேன். என் பொண்ணு பாதம் திரும்ப உள்ள வளைஞ்சு, மறுபடி மாவுக்கட்டு.

கொப்புளம்னா பெரும்பாலும் வார் லூஸா இருந்து குதிகால் வழுக்குதுன்னு அர்த்தம். முழங்காலை மடக்கி, குதிகாலை அடியில அமுக்கி, முதல்ல நடு வாரை இறுக்குங்க. ஷூவுக்குப் பின்னாடி இருக்கற ஓட்டையில குதிகால் தெரியணும். பருத்தி சாக்ஸ் மட்டும், எண்ணெய் வேண்டாம். கொப்புளத்தை நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க. மூணு மாசம் கழிச்சு தூங்கறப்ப மட்டும்தான், ஆனா நாலஞ்சு வயசு வரைக்கும்.

பதில் 2
கம்பில பழைய வேட்டியைச் சுத்துங்க, தூளி கிழியாது. கம்பியைப் பிடிச்சு ரெண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்க. தனித்தனியா உதைக்க முடியலைன்னுதான் அழறான்.

கேட்டவர்
ஓட்டையில பார்த்தேன்க்கா, குதிகாலே தெரியல! வாரை ரெண்டு துளை இறுக்கியாச்சு. காலைல முதல் பஸ்ஸுக்குத் தஞ்சாவூர் கிளம்பறோம். மாமியாரும் வர்றாங்க, டாக்டர் வாயாலயே கேட்கட்டும்.